வேலு எடுத்த மூன்று ரோல்

கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார். நலம் விசாரிக்கிற பாகம் இத்தோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாயே, "விடும்மா, முடிஞ்ச கதை. தலை தீபாவளிக்கு வரப்போ வேலுவுக்கு ஒரு நல்ல கேமரா வாங்கிக் குடுத்துடறேன், எல்லாம் சரியாயிடும்" என்று, அதற்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு குழறும். எழுத்து குழறாது. ஆகவே எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. தேன்மொழியும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். அவள் உன் மனைவி மட்டுமில்லை, வேலுவின் அக்கா. அவளுக்குத் தெரியாமல் இந்த விஷயத்தை ஒழுங்கு பண்ண நினைப்பதே இரண்டாவது தப்பு.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரியாதது இல்லை; ஆனால் தெரிந்ததை நீ உனக்கு வசதியான வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறாய். கல்யாணத்துக்கு நீ சென்னையிலிருந்து கறுப்பு வெள்ளை பிலிம் ரோல் ஆறு வாங்கி வந்தாய். மண்டபத்துப் போட்டோக்காரர் ஆல்பத்துக்கு எடுப்பது அவர் பாட்டுக்கு நடக்கட்டும், இது நமக்கு மட்டும் என்றாய். கடையில் ஒரே வகையில் ஆறு இல்லை, ஒன்றில் இரண்டும் இன்னொன்றில் நாலுமாகக் கொடுத்தார்கள். முதல் நாள் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டபோதும் நலங்கு வைத்தபோதும் நீயே அந்த இரண்டு ரோலையும் எடுத்துத் தீர்த்தாய். முகூர்த்தத்தன்று மணையில் உட்காருகிறவன் கேமராவைத் தூக்க முடியுமா? தேன்மொழிதான் சொன்னாள்: "எந்தம்பி எடுக்கட்டுங்க. அவன் கண்ணால எங்கல்யாணத்த பாக்கணும் எனக்கு." காடாம்புலியூரில் காதுகுத்து, சீமந்தம் என்று லீவு நாளில் போய்ப் படம் எடுக்கிற பிள்ளை. நீ பிலிம் மாட்டிக் காட்டினாய், அவன் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். வேலு எடுத்தது மூன்று ரோல். ஒன்று மீந்தது.

மூன்றாம் நாள் நம் பாத்ரூமில் வாளியில் வெந்நீர் வைத்து, நீ கொண்டுவந்திருந்த கலர் பிலிம் கழுவுகிற மருந்துகளை இரண்டு பாட்டிலில் கலந்து, உன் இரண்டு ரோலைக் கழுவினாய். அழகாக வந்தன. எனக்கும் பெருமைதான், பொய் சொல்லவில்லை. மறுநாள் வேலுவின் மூன்றையும் அதே மருந்தில் கழுவினாய். மூன்றும் வெறும் பிளாஸ்டிக்காக வந்தன, ஜன்னல் கண்ணாடி மாதிரி. நீ எடுத்தது வந்தது, அவன் எடுத்தது வரவில்லை. கணக்கு உனக்கு அங்கேயே முடிந்துவிட்டது. எனக்கும்தான்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. மறுவீட்டு விருந்துக்குக் காடாம்புலியூர் போனோம். பலாமரத்தடியில் பந்தி. உன் மாமியாரின் அண்ணன், அந்தப் பெரிய மீசைக்காரர், "இன்னா மாப்ள, நம்ம வேலு புடிச்ச போட்டாவெல்லாம் எப்ப காட்டப்போறீங்க?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "எங்க காட்டறது மாமா, பிலிம ஒழுங்கா மாட்டாம வெறும் கேமராவ கிளிக் பண்ணிக்கிட்டு இருந்திருக்கான்." பந்தியே சிரித்தது. மீசைக்காரர், "ராவெல்லாம் ஊத்திகினு வந்திருப்பான்" என்று ஒன்றைச் சேர்த்தார். வேலு குடிக்கிறவன் இல்லை. அவன் அப்போது பாயச வாளியோடு உன் இலைக்கு நேரே நின்றுகொண்டிருந்தான். உனக்கு இரண்டாவது கரண்டி பாயசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். பக்கத்து இலையில் இருந்த நான் என்ன செய்தேன்? நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஊரில் தங்கிவிட்டது, கதிர். அவனுக்கு இப்போது ஊரில் "வெறுங்கிளிக்கு" என்று பேர். கேட்டாயா, பேரே வைத்துவிட்டார்கள். பேசி வைத்திருந்த ஒரு காதுகுத்து வீட்டுக்காரர்கள் பண்ருட்டியிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்தார்கள். சீமந்தத்துக்குச் சொன்னவர்கள், "நாங்க செல்போன்லயே எடுத்துக்கறோம்ப்பா" என்றார்களாம். நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்டில் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கேமரா எத்தனை பெரிய ஊன்றுகோல் என்று பர்மனென்ட் வீட்டில் பிறந்த உனக்குத் தெரியாது. நம் டவுன்ஷிப்பில் ஒரு ஆளைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி அதுதானே, "பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?" கல்யாணத்தில் நம் பக்கத்துச் சொந்தங்கள் வேலுவிடமும் கேட்டார்கள். காண்ட்ராக்ட் என்று தெரிந்ததும் "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. நான் கவனித்தேன். கவனித்தும் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது எப்படி என்றால், கொய்யா மரத்தால். கிளிகள் ஒரு பிஞ்சை விடுவதில்லை. பளபளவென்று ஏதாவது கட்டித் தொங்கவிட்டால் வராது என்று அடுத்த பிளாக்கில் சொன்னார்கள். நீ பரண்மேல் போட்டுவிட்டுப் போன அந்த வெற்று பிலிமை எடுத்து வெட்ட உட்கார்ந்தேன். பக்கத்திலேயே உன் இரண்டு ரோலும் உறையில் இருந்தன. உன்னுடையதில் ஓரத்தில், ஓட்டைகளுக்குப் பக்கத்தில், சின்னச் சின்னதாக நம்பர் ஓடுகிறது. அது நீ எடுத்தது இல்லை, பிலிம் செய்கிற இடத்திலேயே பதித்து அனுப்புவது. வேலுவின் ரோலைத் தூக்கிப் பார்த்தேன். நம்பர் இல்லை. மூன்றிலும் ஒரு நம்பர்கூட இல்லை. வேலு படமே எடுக்காமல் இருந்திருந்தாலும் அந்த நம்பர் வந்திருக்க வேண்டும் இல்லையா? கேமராவில் மாட்டவே இல்லை என்றாலும் வந்திருக்க வேண்டும் இல்லையா? படம் பிடிக்கத் தெரியாதவன் நம்பரை எப்படியடா அழிப்பான்? கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் அம்மா இத்தனை வருஷமாகத் தெர்மல் பவர் ஸ்டேஷனின் தண்ணீர் லேபில் குப்பை கொட்டுகிறவள். பாய்லருக்குப் போகிற தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கண்ணுக்கு ஒன்றுதான், சோதித்தால்தான் எது எது என்று தெரியும். சந்தேகம் என்று வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் திருவதிகைக்காரர், சண்டை என்றால் காத தூரம் ஓடுவார். "குற்றம் பாக்கில் சுற்றம் இல்லன்னு சும்மாவா சொன்னாங்க? கண்ணாலம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆவல. நீ பாட்டுக்கு கெளறிகினு இருக்காத" என்றார். நான் சொன்னேன்: "குற்றத்தை ஏற்கெனவே பார்த்தாச்சு. அதுவும் தப்பான ஆள்மேல." அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

வேலுவைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை "டூட்டிம்மா" என்றான். மூன்றாம் தடவை, "வரலன்னா நான் காடாம்புலியூருக்கு வந்து உங்க வூட்டு வாசல்ல உக்காருவேன்" என்றதும் ஷிப்ட் முடிந்து வந்தான். வந்தவன் செருப்பை வெளியிலேயே கழற்றி, உள்ளே நாற்காலி இருக்க, நின்றுகொண்டே பேசினான். "நான் எடுத்துகினுதான் இருந்தேம்மா. ஒவ்வொரு வாட்டி பிலிம தள்ளும்போதும் இந்தப் பக்கத்துக் குமிழு சுத்துதான்னு பாத்துகினே இருந்தேன். கதிர் மாமாதான் சொல்லிக் குடுத்தாரு, அது சுத்துனா பிலிம் ஓடுதுன்னு அர்த்தம்." "அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றேன். "பந்தியில உக்காந்துகினு இருக்கற மாப்ளய எதுத்தாம்மா பேசறது?" என்றான்.

மீந்த ஒரு ரோல் உன் அலமாரியில் இருந்தது. அதன் டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, இது கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவுவது என்று. உன் இரண்டு ரோலின் டப்பாவையும் தேடி எடுத்துப் படித்தேன்: கறுப்பு வெள்ளைதான், ஆனால் கலர் மருந்தில் கழுவுவதற்கென்றே செய்தது. இரண்டு வகையின் முகப்பிலும் கொட்டை எழுத்தில் கறுப்பு வெள்ளை. பொடி எழுத்தை நீ படிக்கவில்லை. சரி, படித்ததை நம்பி ஒருவர்மேல் பழி போடக்கூடாது, உன்மேலும்தான். ஆகவே சோதனை போட்டோம். நீ இங்கேயே விட்டுப்போன கேமராவில் வேலு அந்த ரோலைக் குவார்ட்டர்ஸைச் சுற்றியே எடுத்தான்: கொய்யா மரம், உன் அப்பாவின் சைக்கிள், பேப்பருக்குப் பின்னால் உன் அப்பா. வெளிச்சம் புகாத உன் கறுப்புப் பைக்குள் கையை விட்டுத் தடவித் தடவி மூன்று துண்டாக வெட்டினான். ஆபீஸ் லேப் மருந்து எதையும் நான் தொடவில்லை. மீன்தொட்டிக் கடையில், வந்த படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ உப்பு வாங்கினேன், மளிகைக் கடையில் காபித் தூளும் வாஷிங் சோடாவும், மருந்துக் கடையில் வைட்டமின் சி. காபியில் பிலிம் கழுவலாம் என்று வேலுதான் போனில் தேடிக் கண்டுபிடித்தான். நாற்றம் வீட்டையே நிறைத்தது. உன் அப்பா உள்ளே வந்து, "எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்று கேட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்.

முதல் துண்டைக் காபியில் போட்டு ஹைப்போவில் முடித்தோம். கொய்யா மரம் வந்தது, சைக்கிள் வந்தது, ஓரத்தில் நம்பரும் வந்தது. இரண்டாவது துண்டை நீ செய்த மாதிரியே கழுவினோம்: உன் மருந்து, நீ வைத்த அதே சூடு, முதல் பாட்டில், பிறகு இரண்டாவது பாட்டில். வெளியே எடுத்தால் ஜன்னல் கண்ணாடி. மரமும் இல்லை, நம்பரும் இல்லை. வேலு அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் மூன்றாவது துண்டை எடுத்தேன். உன் முதல் பாட்டிலில் மட்டும் போட்டு, இரண்டாவதைத் தொடாமல், ஹைப்போவில் முடித்தேன். கொஞ்சம் மங்கல்தான், மருந்தும் பழசு. ஆனால் உன் அப்பாவின் பேப்பர், அதற்கு மேலே அவர் வழுக்கை, ஓரத்தில் நம்பர், எல்லாம் இருந்தன.

என்ன நடந்தது என்று நீயே சொல்லிவிடுவாய், நீ பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வாங்கினவன். வேலு எடுத்த வகையில் படம் என்பது வெள்ளிதான். உன் வகையில் வெள்ளி வந்துபோகிற விருந்தாளி, அதன் இடத்தில் சாயம் படமாக நிற்கும். உன் இரண்டாவது பாட்டிலின் வேலையே வெள்ளியைக் கரைத்து வெளியேற்றுவது. உன் ரோலில் அது வேண்டாததை எடுத்தது. அவன் ரோலில் இருந்ததையெல்லாம் எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன்னுடையதில் முகமெல்லாம் வழவழவென்று, நிழலில்கூட விவரம் தெரிகிறது. காபியில் வந்ததில் கொஞ்சம் மணல் மணலாக இருக்கிறது, ஆனால் கறுப்பு கறுப்பாக இருக்கிறது, கொய்யா மரத்து முடிச்செல்லாம் ஆழமாக விழுந்திருக்கிறது. இதில் ஒன்று உசத்தி ஒன்று மட்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றுக்கு ஆகிறது இன்னொன்றுக்கு ஆகாது, அவ்வளவே.

எனக்குத் தாங்காதது அந்த மூன்றாவது துண்டுதான். ஏனென்றால் வேலுவின் கல்யாணப் படங்கள் வந்திருக்கின்றன, கதிர். நம் பாத்ரூமில், உன் கையில், அந்த மூடின டப்பாவுக்குள் அத்தனையும் ஒரு தடவை வந்து நின்றிருக்கின்றன. அடுத்த பாட்டிலை ஊற்றி நீ அனுப்பிவிட்டாய். "என்னென்னப்பா எடுத்த?" என்று கேட்டேன். வேலு கீழே உட்கார்ந்து சொன்னான், ஒவ்வொன்றாக. தாலி கட்டும்போது எல்லாரும் தாலியைப் பார்த்தார்கள், இவன் அவன் அம்மாவைப் பார்த்தானாம். அந்தம்மா அட்சதை போடக் கையை ஓங்கினது அப்படியே நின்றுவிட்டதாம். சமையல்காரர் அடுப்பங்கரை வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. தேன்மொழி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. நீ மணையில் கால் மரத்துப்போய் நெளிந்தது. நான் உன் அப்பாவுக்கு வேட்டி முடிச்சைச் சரிபண்ணிவிட்டது. நாற்பது வருஷம் ஆகப்போகிற என் கல்யாண வாழ்க்கையில் என்னையும் அவரையும் அப்படி யாரும் எடுத்ததில்லை. மண்டபத்து ஆல்பத்தில் இது ஒன்றும் கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்ப வரவழைக்க வழி உண்டா என்று கேட்டான். இல்லையப்பா, கரைந்தது கரைந்ததுதான் என்று உள்ளதைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, மாமாகிட்ட இத சொல்லாதீங்க. எங்க அக்கா அங்க வாழணும். ஊரு பேசறது இன்னும் நாலு மாசத்துல மறந்துபூடும். எனக்குத் தெரிஞ்சா போதும், நான் ஒழுங்காத்தான் எடுத்தேன்னு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எம்புள்ளய அவ்வளவு அல்பமா நெனைக்காத. சொன்னா சந்தோஷமா ஒத்துக்குவான்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் போட்டேன்.

சோதனையில் கண்டதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். பிறகு, "எனக்கும் டவுட் இருந்துச்சும்மா. அப்புறம் நெட்ல படிச்சேன்" என்றாய். எப்போது என்று கேட்டேன். இங்கிருந்து போன இரண்டு வாரத்திலேயே என்றாய். அதாவது அவனுக்கு ஊர் பேர் வைத்துக்கொண்டிருந்தபோது உனக்குத் தெரியும். தெரியாமல் பிலிமைக் கெடுத்தது தப்பே இல்லை. அதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிப்பேன். முதலில் இரண்டு நன்றாக வந்ததும் எவனுக்கும் அடுத்த மூன்றும் வரும் என்றுதான் தோன்றும். லேபில் எங்களுக்கே அப்படித் தோன்றும். ஆனால் தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு, மேலே ஒரு கேமராவைப் போட்டு மூடப் பார்க்கிறாயே, அதைப் பெற்ற வயிறு தாங்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மாப்பிள்ளை உடைத்தால் குடமே இல்லையா? நீ கேமரா கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் தெரியுமா? "பாவம், மாப்ள பெரிய மனசுக்காரரு, கெடுத்தவனுக்கே கேமரா வாங்கிக் குடுத்திருக்காரு" என்று சொல்லும். உன் தப்பில் உனக்கே மாலை விழும். அதையும் அவன் வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். கேமரா வாங்காதே. வாங்கிவிட்டிருந்தால் திருப்பிக் கொடு.

கல்யாணம் ஆன பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாமே, சொல்கிறேன். வீட்டில் பெண்டாட்டியிடம் தோற்றுப்போவது சுலபம், அதை எல்லா ஆம்பிளைகளும் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். அவள் பிறந்த வீட்டில், அவளுடைய சனங்களுக்கு முன்னால், உன்னைவிடக் குறைந்த சம்பளக்காரனிடம் "தப்பு என்மேல" என்று சொல்வதுதான் கஷ்டம். அதைச் செய்தவனைத்தான் பெண்டாட்டி கடைசிவரை நம்புவாள். தேன்மொழி உன்னிடம் இதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாள். கேட்கவில்லை என்பதற்காக நினைக்கவில்லை என்று எண்ணிவிடாதே. தம்பி எடுக்கட்டும் என்று சொன்னது அவள்தான். தான் சொன்னதால்தான் அவனுக்கு இந்தக் கேடு என்று அந்தப் பெண் எத்தனை ராத்திரி நினைத்தாளோ.

நான் சிரித்த சிரிப்புக்கு நான் போய்விட்டு வந்தேன். நேற்றுக் காலை பண்ருட்டி பஸ் ஏறி, காடாம்புலியூரில் இறங்கி, உன் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பந்தியில நானும் சிரிச்சேங்க, தெரியாம சிரிச்சிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். அந்தம்மா பதறிப்போய், "ஐயோ, இன்னாங்க நீங்க போயி" என்று முந்திரி வறுத்துக் கொடுத்தார்கள். பிலிமைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது இல்லை. செத்துவிடவில்லை பார், திரும்பிவந்து ராத்திரி ஷிப்டுக்கும் போனேன். நீயும் சாகமாட்டாய்.

தீபாவளியன்று தலைக்கு எண்ணெய் வைப்பார்கள், புதுத் துணி கொடுப்பார்கள், மீசைக்காரர் உட்பட எல்லாரும் வருவார்கள். பந்தி அதே பலாமரத்தடியில்தான். பெரிய பேச்சு ஒன்றும் வேண்டாம். கெமிஸ்ட்ரி அங்கே யாருக்கும் புரிய வேண்டியதில்லை. "வேலு ஒழுங்காத்தான் எடுத்தான், நான்தான் கழுவும்போது கெடுத்தேன்." இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல், கடைசி இலைக்குக் கேட்கிற மாதிரி. நீ சொல்வாய் என்று எனக்குத் தெரியும்; அவனிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. அன்றைக்கும் அவன்தான் பரிமாறுவான். உன் இலைக்கு வருவதற்குள் சொல்லிவிடு. சொல்லிவிட்டுச் சாப்பிடு.

அம்மா